எல்லாரையும் உட்கார வைத்த சகலை

என் மனைவியின் அக்காவைக் கட்டியவர் எனக்குச் சகலை. அவருக்கு நானும் சகலை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டோம். அவருக்கென்று ஒரு பெயர் இருப்பது ஏதாவது கல்யாணப் பத்திரிகையில் அச்சாகி வந்தால்தான் ஞாபகம் வரும். அவர் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்றைக்கும் யார் வீட்டு ஹாலுக்குள் நுழைந்தாலும் எனக்கு முதலில் அவர்மேல்தான் கோபம் வருகிறது. கண்ணில் பட்ட நாற்காலியில் நிம்மதியாகப் போய் உட்கார முடியாதபடி என்னைக் கெடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார் மனுஷர்.

அவருடைய சுபாவம் எனக்கு முழுசாகத் தெரியவந்தது சிதம்பரத்தில், நாங்கள் தனிக்குடித்தனம் வைத்த புதிதில். அண்ணாமலை நகர் போகிற வழியில் ஒரு மாடி வீடு. எனக்கு மருந்து மொத்த விற்பனைக் கடையில் வேலை. ஒரு வீட்டை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்கும் தெரியாது, என் மனைவிக்கும் தெரியாது. சீராக வந்த சோபாவைக் கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறையோடு சுவரோரமாகப் போட்டோம். எதிர்ச் சுவரில் டிவி. டிவிக்கு மேலே கடிகாரம். நடுவில் பந்து விளையாடுகிற அளவுக்கு வெறும் தரை. எல்லார் வீட்டிலும் அப்படித்தானே இருக்கிறது என்று திருப்தியாகத்தான் இருந்தோம்.

கடலூரிலிருந்து சகலையும் அவர் மனைவியும் வீடு பார்க்க வந்தார்கள். என் மனைவியின் அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அண்ணி நேரே சமையற்கட்டுக்குப் போய்விட்டார். சகலை செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இன்னா சகலை, இது ஹாலா, பஸ் ஸ்டாண்டா?"

"ஏன் சகலை?"

"எல்லாரும் ஒரே பக்கமா பாத்துக்கினு வரிசையா உக்காந்தா பஸ்ஸு வர்றதுக்குத்தான் உக்காந்திருக்கோம்னு அர்த்தம். அந்தப் பக்கம் புடிங்க."

நான் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் அதற்குள் சோபாவின் ஒரு கையைத் தூக்கிவிட்டார். விருந்துக்கு வந்தவர் ஒரு பக்கம், வீட்டுக்காரன் ஒரு பக்கம் என்று இருவரும் அந்தச் சோபாவைச் சுமந்துகொண்டு ஹாலை வலம் வந்தோம். பிளாஸ்டிக் உறையை அவரே கிழித்தார். புதுச் சோபா அழுக்காகிவிடும் என்று என் மனைவி பதறினாள். "உக்காந்தா ஒட்டுது, எழுந்தா பிய்யுது, இதுல யாருமா உக்காருவான்?" என்று கேட்டுவிட்டு மிச்சத்தையும் கிழித்தார். ஒற்றைச் சோபாக்களை எதிரும் புதிருமாகத் திருப்பினார். கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"விருந்தாளிக்கு எதிர்ல கடியாரத்த மாட்டி வெச்சா அவன் நம்ம மூஞ்சியப் பாப்பானா, மணியப் பாப்பானா?"

அண்ணி கொண்டுவந்த காபியை நின்றபடியே குடித்தார். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நாலு பக்கமும் பார்த்தார். பிறகு எங்கள் படுக்கையறையிலிருந்த முக்காலியைக் கொண்டுவந்து சோபா பக்கத்தில் வைத்து அதன்மேல் டம்ளரை வைத்தார். "டம்ளர் வெக்க எடம் இல்லன்னா வந்தவன் சீக்கிரம் கிளம்பிடுவான் சகலை." சொல்லிவிட்டு அவரும் கிளம்பிவிட்டார். கடைசிவரை உட்காரவே இல்லை.

"அவர் உக்காந்து நீ பாத்திருக்கியா?" என்று அன்று ராத்திரி மனைவியிடம் கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, கல்யாண மேடையில் பார்த்திருக்கிறேன் என்றாள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் கொஞ்ச நேரம் கூடுதலாகவே இருந்துவிட்டுப் போனார்கள். கீழ் வீட்டுக்காரர் தினமும் சாயந்திரம் வர ஆரம்பித்தார். அதை நல்லது என்று சொல்வதா கெட்டது என்று சொல்வதா என்று இன்னும் எங்களுக்குள் முடிவாகவில்லை.

சகலைக்கு வேலை பண்ருட்டியில், லாரி புக்கிங் ஆபீசில். கடலூர் மஞ்சக்குப்பத்து வீட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவார். பலாப்பழ லோடை ஒன்றோடு ஒன்று இடிக்காமல், ஆடாமல் அடுக்கவைத்துப் பழகிய கண். அதே கண்ணால்தான் ஹாலில் ஆட்களையும் பார்ப்பார். பல் வலி என்று டாக்டரிடம் போன இடத்தில் வீங்கின கன்னத்தோடு பெஞ்சைத் திருப்பிப் போட்டவர் அவர். நர்சு வந்து சத்தம் போட்டபோது, "பாருங்கம்மா, இப்ப இவுங்க ரெண்டு பேரும் பேசிக்கிறாங்க. வலி தெரியல" என்று விளக்கம் கொடுத்தாராம். இதை அண்ணி சொல்லும்போது தலையில் அடித்துக்கொண்டுதான் சொல்வார். "ஊரையெல்லாம் உக்கார வெப்பாரு. தான் மட்டும் காவக்காரன் மாதிரி நிப்பாரு."

செல்போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்த பிறகு வியாதி முற்றியது. வெளிநாட்டுக்காரர்கள் ஹாலை எப்படி வைத்துக்கொள்கிறார்கள் என்று பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் பார்ப்பார். ஒருநாள் கடைக்கு போன் செய்தார். நான் மாத்திரை அட்டை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"சகலை, வெள்ளக்காரன் வீட்ல நடுவுல நெருப்பு வெச்சிருக்கான். அதச் சுத்தி உக்கார்றான். அதான் சூட்சுமம்."

"கடலூர்ல நெருப்ப வெச்சா வெந்துருவோம் சகலை."

"அதத்தான் நானும் யோசிச்சேன். நமக்கு நெருப்பு எது? ஃபேனு! ஃபேனச் சுத்தி உக்காரணும்."

அந்த ஞாயிற்றுக்கிழமையே அவர் வீட்டு நாற்காலிகள் எல்லாம் ஃபேனுக்கு அடியில் வட்டமாகக் கூடின. டியூப் லைட்டைப் பிடுங்கிவிட்டு மூலைக்கு ஒன்றாக மஞ்சள் பல்பு போட்டார். வெளிச்சம் இதமாகத்தான் இருந்தது. ஆனால் கீரை ஆய்ந்தால் புழுவும் தெரியவில்லை, பூச்சியும் தெரியவில்லை என்று அண்ணி முறத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். அப்புறம் புசுபுசுவென்று ஒரு கம்பளம் வந்தது. வந்தது ஐப்பசியில். கடலூர் மழையைப் பற்றி அந்த வீடியோக்காரருக்கு என்ன தெரியும்? கார்த்திகை முழுக்க அந்த ஹாலில் நனைந்த ஆட்டு வாடை. அண்ணி அதைச் சுருட்டி மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் போட்டார். தை பிறந்து வெயில் ஏறும்வரை அது அங்கேயே கிடந்தது. "வீடியோவுல மழையே பெய்யலியே சகலை" என்று மனுஷர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

இதெல்லாம் சிரிப்பாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் எங்கள் மாமியார் தவறிப்போனார்.

மாமனார் புவனகிரியில் தனி ஆளானார். நிலத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று. பிள்ளை என்றால் இந்த இரண்டு பெண்கள்தான். ஒருநாள் பாலை அடுப்பில் வைத்துவிட்டு அப்படியே தூங்கிப்போனார். பால் வற்றி, பாத்திரம் கருகி, வீடெல்லாம் புகை. பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டி எழுப்பினார்கள். அன்றைக்கு அக்காவும் தங்கையும் போனில் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. அப்பாவை இனிமேல் தனியாக விடக்கூடாது, யாராவது ஒருத்தர் வீட்டில் வந்து இருக்கட்டும் என்று முடிவு செய்தார்கள்.

முடிவு செய்தால் போதுமா? மாமனார் வருவார். வரமாட்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. மஞ்சள் பை நிறையக் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் எடுத்துக்கொண்டு காலை பஸ்ஸில் வருவார். நாற்காலியின் நுனியில், முதுகு படாமல், துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். சாப்பிடுவார். "பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா" என்று எழுந்துவிடுவார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான், சகலை வீட்டிலும் அப்படித்தான். மாப்பிள்ளை வீட்டில் இரவு தங்குவது என்பது அவருக்கு எந்தக் காலத்திலும் பழக்கமில்லை. பெண்கள் கெஞ்சினார்கள், கோபப்பட்டார்கள், ஒரு தடவை என் மனைவி பையைப் பிடுங்கி ஒளித்தே வைத்தாள். அவர் பை இல்லாமலே பஸ் ஏறிவிட்டார்.

சகலை இதைத் தன் இலாகா விஷயமாக எடுத்துக்கொண்டார்.

"தப்பு மாமா மேல இல்ல சகலை. ஒரு ஆளு உக்கார மாட்டேங்குறாருன்னா நாற்காலி சரியில்லன்னு அர்த்தம்."

பாண்டிச்சேரியில் பழைய மரச்சாமான் விற்கிற கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கடையிலிருந்த சாய்வு நாற்காலிகளில் என்னை ஒவ்வொன்றாக உட்கார வைத்து, சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். கடைசியில் கை அகலமாக, பிரம்பு பின்னினது ஒன்று தேறியது. அதை மஞ்சக்குப்பத்து ஹாலில் ஜன்னலோரமாக, ஃபேன் காற்று படும்படி, வாசல் தெரியும்படி, கைக்கெட்டுகிற முக்காலியோடு போட்டு வைத்தார். ராஜா வரவேண்டியதுதான் பாக்கி.

மாமனார் வந்தார். நாங்களும் போயிருந்தோம்.

"ஒங்களுக்காகத்தான் மாமா. சாஞ்சு உக்காருங்க" என்றார் சகலை.

மாமனார் நாற்காலியைத் தடவிப் பார்த்தார். "நல்லாருக்கு மாப்ள. நீங்க குந்துங்க."

"எனக்கு இருக்கட்டும் மாமா. நீங்க உக்காருங்க."

"நீங்க மொதல்ல குந்துங்க மாப்ள."

"அட, பரவால்ல மாமா!"

மாமனார் உட்கார்ந்தார். சாய்வு நாற்காலியில் நுனியில் உட்காருவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் பார்த்தேன். சகலை பக்கத்திலேயே நின்று முதுகுக்கு ஒரு தலையணை கொடுத்தார். முக்காலியைக் கொஞ்சம் நகர்த்தினார். ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். மாமனார் தலையணை விழாமல் பிடித்தபடி காபி குடித்தார். மத்தியான பஸ்ஸுக்கே போய்விட்டார்.

அடுத்த தடவைக்குள் தலையணை மாறியது. அதற்கடுத்த தடவை நாற்காலி கிழக்கே பார்த்தது. எதிர்ச் சுவரில் மாமியார் போட்டோவை மாட்டினார், ஒருவேளை கண்ணில் படவேண்டாமோ என்று மறுபடி கழற்றினார். ஒவ்வொரு தடவையும் அதே பேச்சு, "நீங்க குந்துங்க மாப்ள", "எனக்கு இருக்கட்டும் மாமா." அதை மரியாதைக்குச் சொல்கிற வார்த்தை என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம். நானாவது எடுத்துச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் அவரோடு சேர்ந்து நாற்காலியின் மறுபக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றவன்தானே.

இதற்கிடையில் ஒரு மத்தியானம் அண்ணி போன் செய்தார். அழுகையா சிரிப்பா என்று தெரியாத குரல்.

"தம்பி, ஒங்க சகலை கால் மேல ஷோகேஸ் வுழுந்துடுச்சு."

கண்ணாடி ஷோகேஸ் மாமனாரின் காற்றை மறைக்கிறது என்று தனி ஆளாக நகர்த்தப் போயிருக்கிறார். பாதத்தில் எலும்பு விரிசல் விட்டுவிட்டது. முழங்கால் வரை மாவுக்கட்டு. காலைத் தரையில் ஊன்றக்கூடாது, நீட்டியே வைத்திருக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். அந்த வீட்டில் காலை நீட்டிக்கொண்டு உட்கார வசதியாக இருந்தது ஒரே ஒரு நாற்காலிதான். மாமாவுக்காக வாங்கிய சாய்வு நாற்காலியில் சகலை உட்கார வைக்கப்பட்டார்.

அவரை அப்படிப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. லோடு ஏற்றிய லாரியை ஓரங்கட்டினது மாதிரி கிடந்தார். கை மட்டும் சும்மா இருக்கவில்லை. "அந்த காலண்டர் கோணலா இருக்கு பாருங்க" என்று விரலால் வேலை வாங்கிக்கொண்டிருந்தார்.

விஷயம் கேள்விப்பட்டு மாமனார் புவனகிரியிலிருந்து வந்தார். பையில் நாட்டுக்கோழி முட்டை. அவரைப் பார்த்ததும் சகலை நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார்.

"குந்துங்க மாப்ள, குந்துங்க!" என்று மாமனார் ஒரு அதட்டல் போட்டார். மாப்பிள்ளையை அவர் அதட்டி அன்றுதான் கேட்டோம்.

பிறகு அவரே சமையற்கட்டுக்குள் போய் அங்கே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்தார். சகலைக்குப் பக்கத்தில், ஃபேன் காற்று எட்டாத இடத்தில், வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நடக்கிற வழியை மறித்துப் போட்டார். சகலை துடித்துப்போனார்.

"மாமா, அங்க வேணாம் மாமா, காத்து வராது. வாசலுக்கு முதுகு..."

"இருக்கட்டும் மாப்ள" என்று மாமனார் உட்கார்ந்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து நாற்காலி முதுகில் போட்டுவிட்டு அதன்மேல் நன்றாகச் சாய்ந்துகொண்டார். அவர் முதுகு ஒரு நாற்காலியில் பட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சமையற்கட்டு வாசலில் நின்றிருந்த அண்ணி என்னைப் பார்த்தார். நான் அண்ணியைப் பார்த்தேன்.

பலா இந்த வருஷம் எப்படி, முந்திரி என்ன விலை, கரும்புக்கு ஆள் கிடைக்கிறதா என்று மாமனாரும் மாப்பிள்ளையும் பேச ஆரம்பித்தார்கள். மத்தியான பஸ் போனது. சாயந்திர பஸ்ஸும் போனது. ஹாலில் கடிகாரம் இல்லை, அதைச் சகலை எப்போதோ கழற்றியிருந்தார். விளக்கு வைத்த பிறகு அண்ணி மெதுவாக வந்து நின்றார்.

"அப்பா, தோச ஊத்தட்டா?"

"ஊத்தும்மா. மாப்ளைக்கு மொதல்ல வை."

அன்று ராத்திரி நானும் அங்கேயே தங்கிவிட்டேன். மறுநாள் காலையில் சமையற்கட்டில் அண்ணி அப்பாவைக் கேட்டே விட்டார். "இத்தினி நாளா கெஞ்சினமே, அப்பல்லாம் ஓடுனியேப்பா?"

"நீ இன்னாம்மா பேசுற? மாப்ள நின்னுக்கினு இருந்தா நான் எப்பிடி குந்துறது? அவரு எப்ப குந்துவாரு, எப்ப குந்துவாருன்னு பாத்து பாத்து எனக்குத்தான் கால் வலிச்சுது."

ஹாலில் இருந்த எங்களுக்கு அது நன்றாகவே கேட்டது. சகலை மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மனசு கஷ்டப்படுகிறாரோ என்று நினைத்தேன். அவர் என் பக்கம் குனிந்து ரகசியமாகச் சொன்னார்.

"பாத்தீங்களா சகலை? நாற்காலி மேல தப்பு இல்ல."

மாமனார் அதற்குப் பிறகு அந்த வீட்டிலேயே இருந்தார். சிதம்பரத்துக்கும் வந்து எங்களோடு சில நாள் தங்குவார். அவர் வரும்போது நான் அடித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். சகலைக்குக் கட்டுப் பிரித்த பிறகு அதுதான் பெரிய தண்டனையாக இருந்தது. மாமா ஹாலுக்கு வந்தால் இவரும் உட்கார வேண்டும். உட்கார்ந்துகொண்டு, அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வழியில் கிடப்பதைப் பார்க்க வேண்டும். கை பரபரக்கும். ஆனால் அதை மட்டும் அவர் தொடவில்லை. வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் அதில் இடித்துக்கொண்டார்கள். மாமனார் காலமான பிறகும் அது அங்கேயேதான் கிடந்தது. "இப்ப நவுத்திடலாமே சகலை" என்று ஒருதடவை நானே ஒரு பக்கத்தைப் பிடித்தேன். "வுடுங்க. எனக்குப் பழகிடுச்சு" என்றார். அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த பாசத்தை அவரிடம் சொல்லியிருக்கலாம். சகலைகள் அதெல்லாம் சொல்லிக்கொள்கிறார்களா என்ன?

போன ஐப்பசியில் பண்ருட்டி பஸ்ஸில் வரும்போதே அவருக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. கூட்டத்தில் ஒரு வயசானவருக்கு எழுந்து இடம் கொடுத்துவிட்டு, நின்றுகொண்டுதான் வந்தாராம்.

காரியத்தன்று வாசலில் சாமியானா போட்டிருந்தார்கள். பந்தல்காரர்கள் வாடகை நாற்காலிகளை வரிசை வரிசையாக, எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்படி போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அசல் பஸ் ஸ்டாண்டு. என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு வரிசையைத் திருப்பிப் போட்டேன். எதிரும் புதிருமாக இரண்டு இரண்டாக இழுத்தேன். டம்ளர் வைக்க முக்காலி தேடிக்கொண்டு உள்ளே ஓடினேன். வருகிறவர்களை எல்லாம் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். பண்ருட்டியிலிருந்து லாரிக்காரர்கள் வந்தார்கள், அந்தப் பல் டாக்டர்கூட வந்தார். காலையிலிருந்து எனக்கு அழுகை வரவில்லை, அதற்கு நேரமும் இல்லை.

ஹாலில் எங்கே எதை மாற்றலாம் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் அண்ணி வந்து நின்றார். முகம் வீங்கியிருந்தது. சுவரில் ஒரு கையை ஊன்றியிருந்தார்.

"தம்பி" என்றார். "நீங்க மொதல்ல குந்துங்க."

"எனக்கு இருக்கட்டும் அண்ணி, நீங்க..." என்று ஆரம்பித்தவன் அப்படியே நிறுத்திவிட்டேன். வழியை மறித்துக்கொண்டு அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. வாசலுக்கு முதுகைக் காட்டி அதில் உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகுதான் அண்ணி உட்கார்ந்தார்.